கன்னத்திலிருந்து ஒரு சிறுநீர்க்குழாய்: வளர்ந்த ஆண்களுக்கான ஹைப்போஸ்பேடியாஸ் அறுவை சிகிச்சை

ஆபீஸ் கழிப்பறையில் நின்றபடி போகும் இடம் மூன்றும் காலியாகத்தான் இருக்கும். இருந்தாலும் சிலர் நேராக உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்ததும் பையன்கள் சுவரோரம் வரிசை கட்டுவார்களே, அப்போதும் இவர்கள் அப்படித்தான். கடைசி ஆள் வெளியே வரும்வரை காத்திருந்து போனவர்கள். வெட்கம் மட்டும் காரணமில்லை. நின்றபடி போனால் சிறுநீர் முன்னால் பாயாமல் காலடியில் விழும், இரண்டு மூன்றாகப் பிரியும், செருப்பிலும் பேண்ட்டிலும் தெறிக்கும்.

இந்தக் குறைக்கு ஹைப்போஸ்பேடியாஸ் என்று பெயர். சிறுநீர்த்துளை ஆண்குறியின் நுனியில் இருப்பதற்குப் பதிலாக அடிப்பக்கத்தில் எங்காவது திறந்திருக்கும். பிறவிக் குறைகளில் இது ஒன்றும் அபூர்வமானதில்லை. 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கிறது. அவர்களில் பத்தில் ஏழு பேருக்குத் துளை மொட்டிலேயோ, அதாவது குறியின் தலைப்பகுதியிலேயோ, அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கும். மற்றவர்களுக்குத் தண்டின் நடுவில், அல்லது தண்டும் விதைப்பையும் சேரும் இடத்தில். மிகச் சிலருக்கு விதைப்பைக்கும் பின்னால். கூடவே வேறு இரண்டு விஷயங்களும் சேர்ந்து வரலாம். விறைக்கும்போது குறி கீழ்நோக்கி வளையும். முன்தோல் சுற்றிலும் மூடாமல் மேல்பக்கம் மட்டும் தொப்பிபோல நிற்கும்.

கரு எட்டு வாரம் ஆனதிலிருந்து பதினான்கு வாரம் ஆவதற்குள் நடக்கும் சங்கதி இது. அந்த நேரத்தில் குறியின் அடிப்பக்கம் திறந்த வாய்க்கால் மாதிரி இருக்கிறது. கருவின் விதைகள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் தூண்ட, அந்த வாய்க்காலின் இரண்டு கரைகளும் அடியிலிருந்து நுனியை நோக்கி ஜிப் போட்டதுபோலச் சேர்ந்துகொண்டே போகவேண்டும். ஜிப் எங்கே நின்றுவிடுகிறதோ அங்கே துளை. ஏன் நிற்கிறது என்று தேடினால் பெரும்பாலோருக்குத் தெளிவான காரணம் எதுவும் சிக்குவதில்லை. பரம்பரைக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. தகப்பனுக்கோ அண்ணனுக்கோ இருந்தால் வாய்ப்புக் கூடுகிறது. கிரகணத்தன்று அம்மா வெளியே வந்ததற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

இதைப் பொதுவாகக் குழந்தைக்கு ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் சரிசெய்துவிடுகிறார்கள். அப்படியானால் இருபத்தெட்டு வயதிலும் நாற்பது வயதிலும் யார் வருகிறார்கள்? சிலருக்குச் சின்ன வயதில் யாரும் கவனிக்கவில்லை. சிலருக்குக் கவனித்தார்கள், ஆனால் "வளர்ந்தால் சரியாயிடும்" என்று விட்டுவிட்டார்கள், அல்லது காசில்லை. மூன்றாவது வகைதான் மருத்துவர்களைத் தூங்கவிடாத வகை: சின்ன வயதில் ஒருமுறையோ ஐந்துமுறையோ ஆபரேஷன் ஆகி, அது பாதியிலோ பருவ வயதுக்கு அப்புறமோ கெட்டுப்போனவர்கள். என்ன ஆபரேஷன், எந்த வருஷம், எங்கிருந்து தோல் எடுத்தார்கள் என்று கேட்டால் கையில் ஒரு காகிதமும் இருக்காது. அம்மாவுக்குத்தான் தெரியும், அம்மாவும் "ஒண்ணுக்குப் போற இடத்துல ஏதோ தச்சாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

"பிறந்ததுல இருந்தே இப்படித்தானா தம்பி?"

"ஆமா சார்."

"அப்ப இத்தனை வருஷம் கழிச்சு இப்ப என்ன கஷ்டம்னு வந்தீங்க?"

கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம், "வீட்ல பொண்ணு பாக்கறாங்க சார்."

அந்த இரண்டாவது கேள்வியில்தான் மொத்த சிகிச்சையும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். துளை எங்கே இருக்கிறது என்பதை மருத்துவர் ஒரு நொடியில் பார்த்துவிடலாம். அதனால் இவருக்கு என்ன முடியாமல் இருக்கிறது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நின்று போக முடிகிறதா? முக்கிப் போகவேண்டியிருக்கிறதா? விறைக்கும்போது நேராக நிற்கிறதா, உறவுக்கு இடைஞ்சல் செய்கிறதா? விந்து வெளியே பாய்கிறதா, அப்புறம் சொட்டுகிறதா? எதுவுமே கஷ்டமில்லை, பார்க்க மட்டும் வேறு மாதிரி இருக்கிறது என்றால் அதுவும் ஒரு பதில்தான். ஆனால் அந்தப் பதிலுக்கான சிகிச்சை வேறு.

ஜெர்மனியின் மைன்ஸ் நகர மருத்துவர்கள் 1995ல் வெளியிட்ட ஒரு கணக்கு இந்த இடத்தில் உதவும். தங்களைச் சாதாரணமானவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த, வேறு பிரச்சினைக்காக மருத்துவமனைக்கு வந்த 500 ஆண்களின் துளை எங்கே இருக்கிறது என்று அளந்தார்கள். பாடப்புத்தகம் சொல்வதுபோல நுனிப்பக்கம் இருந்தது 55 சதவீதம் பேருக்குத்தான். 13 சதவீதம் பேருக்கு ஹைப்போஸ்பேடியாஸ் என்றே சொல்லத்தக்க அளவுக்கு இறங்கியிருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது; கல்யாணம் செய்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். ஆக, மொட்டுக்கு அடியில் துளை, நல்ல வேகம், நேரான விறைப்பு என்று இருப்பவரிடம் "விட்டுவிடுங்கள்" என்று சொல்லும் மருத்துவரை வேலை தெரியாதவர் என்று நினைக்கக் கூடாது. அரை சென்டிமீட்டருக்காக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் குழாயைக் கத்திக்குக் கொடுப்பது நஷ்டத்தில் முடியலாம்.

பிள்ளை பிறக்குமா என்ற பயத்துக்கும் இதே பதில். துளை நுனியருகே இருந்து, விதைகள் இரண்டும் இறங்கி நன்றாக இருந்தால், விந்தணுக்களில் பொதுவாகக் குறை இருக்காது. துளை மிகவும் கீழே இருக்கும்போது சரக்கு நன்றாக இருந்தும் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகாது, அவ்வளவுதான். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ஒரு துணி வியாபாரிக்கு இதே சிக்கல். அறுவை சிகிச்சை மேதை ஜான் ஹன்டர் அவரிடம் ஒரு சிரிஞ்சைக் கொடுத்து, விந்தை உடனே எடுத்து மனைவிக்குச் செலுத்தச் சொன்னார். அந்த அம்மாள் கருவுற்றார். ஹன்டர் இறந்த பிறகு 1799ல் அவரது மைத்துனர் எவரார்ட் ஹோம் இதை எழுதி வெளியிட்டார். மனிதர்களிடம் செய்த செயற்கைக் கருவூட்டல் என்று பதிவாகியிருப்பவற்றில் மிகப் பழையது இதுதான். கத்தியே வைக்காமல் பிரச்சினையைத் தீர்த்த கதை என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

விதை ஒன்றோ இரண்டோ இறங்காமல் இருந்து, துளையும் கீழே இருந்தால் மட்டும் கதை வேறு. ஹார்மோன்களையும் குரோமோசோம்களையும் பார்த்துவிட்டுத்தான் மேலே பேசவேண்டும்.

சரி, செய்துதான் ஆகவேண்டும் என்று முடிவானால்?

முதலில் வளைவைப் பார்க்கிறார்கள். வீட்டிலேயே விறைப்பின்போது பக்கவாட்டிலும் மேலிருந்தும் இரண்டு போட்டோ எடுத்துவரச் சொல்வது இப்போதெல்லாம் சாதாரணம். தியேட்டரிலும் மயக்கம் கொடுத்தபின் உப்புநீரையோ மருந்தையோ ஊசியில் செலுத்தி விறைக்கவைத்துப் பார்ப்பார்கள். கிட்டஸ், மெக்லாக்லின் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1974ல் வழக்கத்துக்குக் கொண்டுவந்த சோதனை. அதற்கு முன்னால் வளைவை நிமிர்த்திவிட்டோமா என்பதை ஊகத்தில்தான் சொல்லவேண்டியிருந்தது. 30 டிகிரிக்குள் இருக்கும் வளைவுக்கு எதிர்ப்பக்கம், அதாவது மேல்பக்கம், தையல் போட்டு இழுத்தால் நேராகிவிடும். தையல்காரர் ரவிக்கையில் டக் பிடிப்பதுபோல. டக் பிடித்தால் துணி குறையும் அல்லவா, இங்கேயும் நீளம் கொஞ்சம் குறையும். குழந்தைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது, வளர்ந்தவருக்குத் தெரியும், முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். வளைவு அதைவிட அதிகமாக இருந்தால் அடிப்பக்கம் இழுத்துப்பிடித்திருக்கும் திசுவையே அறுத்து விடுவிக்க வேண்டும். அப்படிச் செய்தால் துளை இன்னும் பின்னால் போய்விடும். இருக்கும் குழாயும் போதாது, புதிதாக ஒன்று கட்டவேண்டும்.

பாயைச் சுருட்டும் கணக்கு

புதுக் குழாய் என்பது அடிப்படையில் ஒரு பட்டையைச் சுருட்டி ஓரம் தைப்பது. பாயைச் சுருட்டுவதுபோல. பாய் எவ்வளவு அகலமோ அதைப் பொறுத்துத்தான் குழாயின் விட்டம்.

மருத்துவமனையில் "பதினாறு சைஸ் டியூப் போடுங்க" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் கருவிகள் செய்துகொண்டிருந்த ஷாரியேர் என்பவர் இருக்கிறார். எண்ணை மூன்றால் வகுத்தால் டியூபின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும்; பதினாறு சைஸ் என்றால் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இன்னொரு வசதி, அந்த எண் ஏறக்குறைய டியூபின் சுற்றளவும்கூட. வளர்ந்த ஆணுக்குச் சிறுநீர் தாராளமாகப் போக 24 சைஸ், அதாவது 8 மில்லிமீட்டர் விட்டம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், சுருட்டுவதற்கு 25 மில்லிமீட்டர் அகலப் பட்டை வேண்டும். ஹைப்போஸ்பேடியாஸ் உள்ளவரின் துளைக்கும் நுனிக்கும் நடுவில், மூடாமல் நின்றுபோன வாய்க்காலின் தரையாக ஒரு இளஞ்சிவப்புப் பட்டை ஏற்கெனவே இருக்கும். அதன் அகலம் ஒரு சென்டிமீட்டர் என்றால், அப்படியே சுருட்டினால் விட்டம் 3 மில்லிமீட்டர் வரும். ஒரு வயதுக் குழந்தைக்குச் சரிதான். எழுபது கிலோ மனிதருக்கு அது குறுகலான சந்து.

அமெரிக்க மருத்துவர் வாரன் ஸ்நாட்கிராஸ் 1994ல் இதற்கு ஒரு எளிய வழி சொன்னார். அந்தத் தரையின் நடுவே நீளவாக்கில் ஒரு கீறல். கீறினால் பட்டை விரியும், விரிந்ததைச் சுருட்டலாம், கீறிய இடத்தில் புதுச்சவ்வு தானாக வளர்ந்துவிடும். நுனியருகே துளை உள்ளவர்களுக்கு உலகெங்கும் இன்று அதிகம் செய்யப்படுவது இந்த முறைதான். பெரியவர்களிலும் பட்டை அகலமாகவும் மிருதுவாகவும் இருந்தால், வளைவும் இல்லையென்றால், ஒரே தடவையில் வேலை முடிந்துவிடும். ஆனால் கீறலுக்கும் ஓர் எல்லை உண்டு. தழும்பேறிக் கெட்டியான பட்டையை எவ்வளவு கீறினாலும் விரியாது. அங்கே வேறு துணி ஒட்டுப்போடவேண்டும்.

துணி எங்கிருந்து எடுப்பது என்பதுதான் இந்த அறுவை சிகிச்சையின் நூற்றைம்பது வருஷ வரலாறு. முந்நூறுக்கும் மேற்பட்ட முறைகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு வியாதிக்கு இத்தனை ஆபரேஷன் இருக்கிறது என்றால் எதுவும் முழுசாகச் சரிப்படவில்லை என்று அர்த்தம்.

கைக்கு எட்டும் துணி முன்தோல். அதன் உள்பக்கம் மெல்லியது, முடியில்லாதது. ஆக்ராவைச் சேர்ந்த ஹரி அசோபா 1971லேயே அதைக் குழாயாக்கி ஒரே தடவையில் வேலையை முடிக்கும் முறையை எழுதினார். அவர் 2001ல் வெளியிட்ட இன்னொரு முறை, குழாயை அடியிலிருந்து திறந்து அதன் மேல்சுவரில் ஒட்டுவைப்பது, இன்று பல நாடுகளில் 'அசோபா' என்றே அழைக்கப்படுகிறது. ஆகவேதான் ஹைப்போஸ்பேடியாஸ் உள்ள குழந்தைக்குச் சுன்னத் செய்யக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது. தொப்பிபோலப் பாதித்தோலோடு பிறந்த பிள்ளையை "பிறக்கும்போதே சுன்னத் ஆனவன்" என்று கொண்டாடும் குடும்பங்கள் உண்டு; துருக்கியில் இதற்கு 'நபியின் சுன்னத்' என்றே பெயர். கொண்டாடட்டும், மிச்சத் தோலில் மட்டும் கைவைக்காமல் இருந்தால் சரி. பிற்காலத்தில் குழாய் கட்ட அதுதான் மூலதனம்.

ஏற்கெனவே அந்த மூலதனத்தைச் செலவழித்துவிட்டு வருபவர்கள்தான் பெரியவர்களில் நிறைய. ஒருகாலத்தில் அவர்களுக்கு விதைப்பைத் தோலைப் பயன்படுத்தினார்கள். நான்கு வயதுப் பையனுக்கு அது வழவழப்பாக, முடியில்லாமல்தான் இருந்தது. பதினான்கு வயதில் மீசை அரும்பியபோது குழாய்க்குள்ளும் முடி முளைத்தது. முடியில் உப்புப் படிந்து கல் ஆனது, சீழ் பிடித்தது. இப்போதும் டெலஸ்கோப் (உள்ளே பார்க்கும் மெல்லிய குழாய்) விட்டுப் பார்க்கும்போது குழாய்க்குள் முடிக்கற்றையோடு கண்ணில் படுபவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு தொல்லை, லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோய். பிறப்புறுப்புத் தோலை வெளுக்கவைத்துச் சுருக்கிக் காகிதம்போல ஆக்கிவிடும். அந்த நோய் உள்ளவருக்குத் தோலில் செய்த குழாய் கொஞ்ச வருஷத்தில் சுருங்கிப்போகும்.

கன்னத்தின் உள்பக்கம்

ஆகவே வாய்க்குப் போனார்கள். கீவ் நகரத்தில் கிரில் சாபெஷ்கோ 1894லேயே வாய்ச்சவ்வைச் சிறுநீர்க்குழாய்க்கு வைத்துப் பார்த்திருக்கிறார். 1941ல் இங்கிலாந்தில் கிரகாம் ஹம்பி ஹைப்போஸ்பேடியாஸுக்கே அதைப் பயன்படுத்தினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1992ல் மைன்ஸ் குழுவும் இத்தாலியக் குழு ஒன்றும் தனித்தனியே எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. யோசித்தால் பொருத்தமான துணிதான். எப்போதும் ஈரத்தில் இருந்து பழகியது, முடி கிடையாது, கிருமிகளோடு வாழப் பழகியது, மேல்படலம் தடிமன், அடியில் ரத்தக்குழாய்கள் நெருக்கம், எடுத்த இடம் சீக்கிரம் ஆறும், வெளியே தழும்பு தெரியாது.

எடுக்கும்போது பார்த்தால் இருபது நிமிஷ வேலை. உதட்டின் ஓரத்தில் இரண்டு நூல் போட்டு வாயை விரித்துப் பிடிப்பார்கள். மயக்க மருந்துக் குழாய் மூக்கு வழியாகப் போயிருக்கும், வழிமறிக்காது. மேல்வரிசை இரண்டாவது கடவாய்ப் பல்லுக்கு நேர் எதிரே கன்னத்தில் ஒரு சின்னப் புள்ளி, உமிழ்நீர் வரும் வழி. அதை முதலில் தேடி, தொடாமல் கீழே தள்ளி, மைப் பேனாவால் நீள்வட்டம் வரைவார்கள். ரத்தம் குறைய மருந்துநீர் ஊசி போட்டதும் கன்னம் பணியாரம்போல உப்பும். இரண்டரை சென்டிமீட்டர் அகலம், ஐந்தாறு சென்டிமீட்டர் நீளம். அறுத்தெடுத்ததை ஒரு விரல்மேல் விரித்து, அடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கொழுப்பைச் சின்னக் கத்தரியால் ஒன்றுவிடாமல் வெட்டுவார்கள். கொழுப்பு மிச்சமிருந்தால் ஒட்டு பிடிக்காது. முடிவில் கையில் இருப்பது ஈரமான ரோஜா இதழ் மாதிரிதான் இருக்கும்.

குட்கா, பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கு இந்த வழி பாதி அடைபட்டதுதான். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து விறைத்து நார்நாராகிப் போயிருக்கும், வாயையே மூன்று விரல் அளவுக்குத் திறக்கமுடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு நாக்கின் அடியிலிருந்து எடுக்கிறார்கள். இந்திய மருத்துவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி அதிகம். சிகரெட்டும் வேண்டாம் என்பார்கள். ஒட்டுக்கு ரத்தம் போகும் நுண்குழாய்களை அது சுருக்கும்.

கடினமானவர்களுக்கு இப்போது பரவலாகச் செய்வது இரண்டு கட்ட ஆபரேஷன். இங்கிலாந்தின் ஐவார் பிராக்கா 1995ல் விரிவாக எழுதி நிலைநிறுத்தியது. முதல் கட்டத்தில் பழைய தழும்பு, சுருங்கிய குழாய், முடிமுளைத்த தோல் எல்லாவற்றையும் தயவுதாட்சண்யம் இல்லாமல் வெட்டி எடுத்துவிடுவார்கள். குறியை நிமிர்த்தி, மொட்டை அடியில் பிளந்து, அந்தத் திறந்த படுகையில் கன்னச்சவ்வை விரித்துத் தைப்பார்கள். நடுநடுவேயும் மெத்தைத் தையல்போலப் புள்ளிப்புள்ளியாகத் தையல், அடியில் ரத்தம் கட்டக்கூடாது என்று. மேலே பஞ்சை வைத்துக் கட்டி ஐந்தாறு நாள் அசையாமல் அழுத்தம்.

இங்கே நடப்பது நடவுதான். நாற்றங்காலில் பிடுங்கிய நாற்று முதல் இரண்டு நாள் வாடித் தொங்குமே, அதுபோல ஒட்டும் முதல் நாற்பத்தெட்டு மணி நேரம் அடியிலிருக்கும் சதையிலிருந்து கசியும் நீரை உறிஞ்சித்தான் பிழைத்திருக்கும். மூன்றாம் நாள் நான்காம் நாளில் அடியிலிருக்கும் ரத்தக்குழாய்களும் ஒட்டின் ரத்தக்குழாய்களும் வாயோடு வாய் சேரும். கட்டைப் பிரிக்கும்போது ஒட்டு ரோஸ் நிறத்தில் இருந்தால் பச்சை பிடித்துவிட்டது. கருத்திருந்தால் அந்தப் பகுதி போனதுதான்.

அப்புறம் ஆறு மாதம் காத்திருப்பு. நோயாளிகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். முன்னைவிடத் துளை பின்னால் போயிருக்கும், உட்கார்ந்துதான் போகவேண்டும், பார்க்க முன்னைவிட மோசமாக இருக்கும். "இருந்ததையும் கெடுத்துட்டாங்களோ" என்று தோன்றாதவர் இல்லை. ஒட்டு மிருதுவாகி, கிள்ளினால் நகர்கிற அளவுக்கு வரும்வரை அவசரப்படக்கூடாது. ஒட்டு அங்கங்கே சுருங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் கன்னத்தை வைத்து இன்னும் ஆறு மாதம். இரண்டு கட்டம் என்று சொல்லி மூன்றாவதாகப் போவதும் நடக்கிறது. முதல் நாளே அதைச் சொல்லிவிடும் மருத்துவரை நம்பலாம்.

இரண்டாவது கட்டத்தில் பாயைச் சுருட்டுவது. இரண்டரை சென்டிமீட்டர் பட்டையை, சிறுநீர் வடிய வைக்கும் டியூபைச் சுற்றிச் சுருட்டித் தைத்து, அந்தத் தையலும் தோலின் தையலும் ஒன்றின்மேல் ஒன்று படாதபடி நடுவில் ஒரு அடுக்கு வைப்பார்கள், பெரும்பாலும் விதையை மூடியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து. கூரையில் ஓடுகளுக்கு அடியில் பலகை வைப்பது மாதிரி. இந்த அடுக்கை ஒழுங்காக வைத்தால் ஒழுகல் வெகுவாகக் குறையும். டியூப் இரண்டு மூன்று வாரம் இருக்கும். சிலருக்கு அடிவயிற்றில் தனியாக இன்னொரு டியூபும் போடுவார்கள்.

பெரியவர்களுக்கென்றே உள்ள ஒரு தொல்லையைச் சொல்லாமல் விடமுடியாது. தூக்கத்தில் வரும் விறைப்பு. ஆரோக்கியமான ஆணுக்கு இரவில் மூன்று நான்கு தடவையாவது வரும்; ஒவ்வொரு தடவையும் தையல்கள் இழுபடும், உயிர் போகிற மாதிரி வலிக்கும். இரவு மாத்திரைகள் கொடுக்கிறார்கள், ஐஸ் பை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், எதுவும் நூறு சதம் தடுப்பதில்லை. உறவுக்கு ஆறு வாரமாவது தடை. இதோடு தோல் தடிமன், வியர்வை, கிருமி எல்லாம் சேர்ந்து பெரியவர்களுக்குப் பலன் குறைவு என்பது பழைய கருத்து. 2014ல் ஸ்நாட்கிராஸ் குழு தங்கள் நோயாளிகளை ஒப்பிட்டு, சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்றது. எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வயதைவிட, முன்னால் எத்தனை தடவை கத்தி பட்டிருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்று எனக்குப் படுகிறது.

எண்களும் அதைத்தான் காட்டுகின்றன. நுனியருகே துளை, முதல் ஆபரேஷன், பழகிய கை என்றால் சிக்கல் பத்து சதவீதத்துக்கும் கீழே. துளை விதைப்பைப் பக்கம் என்றாலோ மறு ஆபரேஷன் என்றாலோ மூன்றில் ஒருவருக்கு, சில மையங்களில் பாதிப் பேருக்கு, மறுபடியும் ஏதாவது செய்யவேண்டி வருகிறது. தையலோரம் ஊசித்துளை அளவு ஓட்டை விழுந்து அதன் வழியாகவும் சிறுநீர் வருவது, நுனி சுருங்குவது, உள்ளே அடைப்பு, குழாய் பலூன்போல உப்புவது, இவைதான் வழக்கமானவை. ஒழுங்காக ஆறிய குழாய்க்கும் ஒரு குறை உண்டு: இயற்கையான குழாயைச் சுற்றிப் பஞ்சுபோன்ற திசுவும் அழுத்தித் தள்ளும் தசையும் இருக்கும், கட்டிய குழாய்க்கு அது கிடையாது. அதனால் கடைசியில் சில சொட்டுகள் தங்கும், விந்தும் பாயாமல் வழியும். விரலால் அடியிலிருந்து நீவிவிடப் பழகிக்கொள்கிறார்கள்.

பலமுறை தோற்றவர்களை ஆங்கில மருத்துவ ஏடுகளில் 'ஹைப்போஸ்பேடியாஸ் முடவர்கள்' என்று எழுதினார்கள். 1970ல் ஹார்ட்டன், டிவைன் என்ற இருவர் வைத்த பெயர். இப்போது அந்தச் சொல்லை விட்டுவருகிறார்கள், நல்லது; ஆளை முடமாக்கியது வியாதியைவிட ஆபரேஷன்கள்தான் என்பது அந்தப் பெயரில் மறைந்துபோயிருந்தது. இவர்களில் வயதானவர், அலுத்துப்போனவர், "இனி என்னால் முடியாது" என்பவருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. விதைப்பைக்குப் பின்னால் துளையை நிரந்தரமாக வைத்துவிடுவது. உட்கார்ந்துதான் போகவேண்டும், ஆனால் அடைப்பு இல்லை, டியூப் இல்லை, காய்ச்சல் இல்லை. இதைத் தோல்வி என்று சொல்லித் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை.

குழந்தையிலேயே செய்துவிடுவதா, வளர்ந்தவன் தானே முடிவெடுக்க விடுவதா என்ற வாதமும் சூடாகத்தான் போகிறது. மால்டா 2015ல் சட்டம் போட்டது: தானே சம்மதம் சொல்லமுடியாத வயதில், தள்ளிப்போடக்கூடிய பாலுறுப்பு அறுவை சிகிச்சை கூடாது. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைப்பால் குழந்தைகளுக்கு, அதாவது ஆண், பெண் என்று உடலமைப்பு தெளிவாகப் பிரியாமல் பிறந்தவர்களுக்கு, செய்யும் இத்தகைய சிகிச்சைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர மற்றவற்றுக்குத் தடை போட்டது. சாதாரண ஹைப்போஸ்பேடியாஸ் இடைப்பால் நிலை ஆகாது என்கிறார்கள் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள். அழகுக்காகச் செய்வது எதுவும் காத்திருக்கலாம் என்கிறார்கள் செயல்பாட்டாளர்கள். துளை மொட்டிலேயே இருக்கும் பிள்ளைகள் விஷயத்தில் என் ஓட்டு காத்திருப்பவர்கள் பக்கம். விதைப்பைப் பக்கம் துளையும் அறுபது டிகிரி வளைவும் இருக்கும் பையனைப் பதினெட்டு வயதுவரை அந்தப் பள்ளிக்கூடச் சுவர் ஓரம் நிறுத்திவைக்க எனக்கு மனம் வரவில்லை.

டியூபை எடுக்கும் நாள் காலையில் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். மூலையில் புனல் வைத்த ஒரு மிஷின் இருக்கும், அதில்தான் போகவேண்டும். நொடிக்கு எத்தனை மில்லி என்று ஒரு கோடு வரையும். 15க்கு மேல் குன்றுபோல ஏறி இறங்கினால் நல்லது. மேஜைபோலத் தட்டையாக இழுத்துக்கொண்டே போனால் எங்கேயோ குறுகல். முதல் நாள் கோடு யாருக்கும் அழகாக வராது, வீக்கம் இருக்கும். அதனால் நர்ஸ் கோட்டைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. போகும்போது அடிப்பக்கம் தையலோரம் விரல் வைத்துப் பார்க்கச் சொல்வார், நனைகிறதா என்று. நோயாளியும் நின்றபடி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, முதலில் விரலைத்தான் பார்ப்பார்.